வண்டி ஏறிய வெளிச்சம்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிக்கப் என்ற ஒருவகைச் சரக்கு வண்டி பெருவழக்காக உள்ளது. முன்பக்கம் ஓட்டுபவரும் உடன் வருபவரும் அமரும் அறை. பின்பக்கம் மேல்மூடி இல்லாத ஒரு சரக்குத் தட்டு. மூன்று புறம் தகட்டுச் சுவர், நான்காவது புறம் இறக்கி ஏற்றும் கதவு. நம் நாட்டில் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயர் பெற்றிருக்கும் சிறு வண்டியை மனத்தில் கொண்டால் அதன் அமைப்பு ஒருவாறு விளங்கும். குடியானவர் தீவனமும் தச்சர் கருவிப் பெட்டியும் ஏற்றிச் செல்வது அந்தத் தட்டில்தான்.

பொழுது சாய்ந்ததும் அந்தத் தட்டு ஒரு கிணறு போல் இருண்டுவிடும். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாரம் இறக்குவது எளிதன்று. ஆகவே அந்நாட்டார் அண்மைக் காலத்தில் ஒரு வழி கண்டிருக்கின்றனர். எல்.இ.டி. நாடா என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. விரலகலம் கூட இல்லாத மெல்லிய நாடா, அதன் முகத்தில் வரிசையாக அரிசி மணி போன்ற விளக்குகள், முதுகில் பசை. தட்டின் இருபுற விளிம்புக்கும் அடியில் அதை ஒட்டி, அதன் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் இரண்டையும் வண்டியின் மின்கலத்தோடு இணைத்துவிட்டால் தட்டு முழுவதும் நிலவு காய்ந்தது போல் இருக்கும். தபால் தலை ஒட்டத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும் என்று தோன்றும். விலையும் மலிவு.

இதற்கு ஒரு வரலாற்றுச் சொற்பொழிவா என்று சிலர் வினவக்கூடும். வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து. மோட்டார் வண்டி பிறந்த நாள் முதல் அதன் விளக்கு சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த விளக்குக்குப் பின்னால் நிற்கும் மின்கலமோ பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. பார்ப்பவர் கண் விளக்கின் மேல் நிற்கிறது. சிறு விளக்குத்தானே என்று ஓர் அலட்சியம் பிறக்கிறது. அந்த அலட்சியத்தால் எரிந்துபோவது விளக்கு அன்று, வண்டி.

முதல் மோட்டார் வண்டிகளுக்குத் தமக்கென ஒரு விளக்கு இல்லை. குதிரை வண்டியிலிருந்த எண்ணெய் விளக்கையே அவை பெற்றுக்கொண்டன. குதிரைக்கு வழி தெரியும். எதிரே வருபவருக்கு நாம் இருப்பது தெரிந்தால் போதும் என்பதே அந்த விளக்கின் நோக்கம். மோட்டார் வண்டிக்கு அப்படி வழி தெரியாது. அன்றியும் அது குதிரையினும் விரைந்து ஓடியது. ஆகவே பாதையைத் தொலைவு வரை காட்டும் ஒளி வேண்டியதாயிற்று.

அந்தத் தேவையை முதலில் நிறைவேற்றியது கார்பைடு. 1892-ஆம் ஆண்டில் வட கரோலைனாவில் தாமஸ் வில்சன் என்பார் மின்சார உலையில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது கால்சியம் கார்பைடைக் கண்டார். அதன்மேல் நீர்த்துளி பட்டால் அசிட்டிலீன் என்னும் வாயு வெளிப்படும். அதைக் கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் வெண்சுடர் எரியும். நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் இரவு ஊர்வலங்களிலும் இந்த விளக்கைக் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்று அதே கல்லை மாம்பழத்தை முறைகேடாகப் பழுக்கவைக்க உபயோகிக்கிறார்கள் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். அது வேறு கதை.

வண்டியில் கார்பைடு விளக்கு வைத்தவர் பாடு எளிதாக இல்லை. வண்டியின் பக்கத்தில் ஒரு பித்தளைக் கலம். அதில் கீழே கல், மேலே நீர். அதிலிருந்து விளக்குக்கு ரப்பர்க் குழாய். குளிர் நாட்டில் நீர் உறைந்துவிடும். எரிந்து தீர்ந்த சுண்ணாம்புச் சேற்றை நாள்தோறும் வழித்துக் கழுவ வேண்டும். இந்தத் தொல்லைகளை நீக்குவதாகச் சொல்லி, 1904-இல் இண்டியானாபோலிஸ் நகரில் கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் ஆலிசன் ஆகிய இருவரும் அசிட்டிலீனை இரும்பு உருளையில் அடைத்து விற்கும் தொழிலைத் தொடங்கினர். பின்னர் பிரெஸ்டோலைட் எனப் பெயர் பெற்ற நிறுவனம் அது. வண்டிக்காரர் காலி உருளையைக் கொடுத்து நிறைந்த உருளையை வாங்கிச் செல்லலாம். செல்வம் குவிந்தது. அவ்விருவரும் வேறு இருவரோடு சேர்ந்து 1909-இல் அமைத்த மோட்டார்ப் பந்தயத் திடல் இன்றும் உலகப் புகழோடு விளங்குகிறது. ஆனால் அசிட்டிலீன் அழுத்தத்தைப் பொறுக்காத வாயு. காற்றுக் கலவாமலே வெடிக்க வல்லது. 1907, 1908-ஆம் ஆண்டுகளில் அதே நகரில் அவர்களுடைய ஆலைகள் வெடித்தன.

இந்த வாயுவை அடக்கும் வித்தையில் பெரும் புகழ் பெற்றவர் சுவீடன் நாட்டுக் குஸ்தாஃப் டாலேன். அசிட்டிலீன், அசிட்டோன் என்னும் திரவத்தில் கரைந்து கிடந்தால் சாதுவாக இருக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர்கள் முன்பே கண்டிருந்தனர். டாலேன் உருளையின் உட்புறம் முழுவதையும் கடற்பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளால் நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அதில் வாயுவைக் கரைத்தார். வாயு வெறுமையாக நிற்க உருளைக்குள் இடமே இல்லாமற் போயிற்று. கலங்கரை விளக்கங்கள் ஆளில்லாமல் மாதக்கணக்கில் எரிவதற்கு இந்த ஏற்பாடு வழி செய்தது. 1912-ஆம் ஆண்டில் அவர் உருளைகளின் உறுதியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒன்று வெடித்து அவருடைய இரு கண்களையும் பறித்தது. அதே ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. படுக்கையில் இருந்த அவருக்குப் பதிலாக அவருடைய சகோதரர் சென்று பரிசைப் பெற்றார். அந்தச் சகோதரர் கண் மருத்துவர். உலகுக்கு ஒளி தந்தமைக்காகப் பரிசு பெற்றவர் அதற்குப் பின் 25 ஆண்டுகள் ஒளியைக் காணாமல் வாழ்ந்தார். ஆனாலும் தம் நிறுவனத்தை 1937-இல் இறக்கும் வரை தாமே நடத்தினார்.

நான் டாலேனைச் சற்று விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து வண்டி விளக்கு அபாயமானது என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். நாற்றம் அடிக்கும், சீறும், வெடிக்கும். ஆகவே அதன் அருகே செல்பவர் அச்சத்தோடு சென்றனர். மின்சாரம் வந்தபோது நாற்றம் போயிற்று, சீற்றம் போயிற்று. அச்சமும் கூடவே போயிற்று.

வண்டிக்குள் மின்சாரம் ஒரே நாளில் நுழைந்துவிடவில்லை. தொடக்க காலக் கார்பன் இழை பல்புகள் சாலையின் குலுக்கலைத் தாங்கவில்லை. மின்கலம் தீர்ந்தால் வண்டியிலேயே மீண்டும் ஏற்ற வழியில்லை. 1910-ஐ ஒட்டி வில்லியம் கூலிட்ஜ் வளையக்கூடிய டங்ஸ்டன் இழையைச் செய்தது முதற்குறையைத் தீர்த்தது. இரண்டாவது குறையைத் தீர்த்தவர் டேட்டன் நகரின் சார்ல்ஸ் கெட்டரிங். அவர் வகுத்த முறையில் எஞ்சினைச் சுழற்றித் தொடக்குதல், எரிபொருளுக்குப் பொறி கொடுத்தல், விளக்கெரித்தல் ஆகிய மூன்றும் ஒரே மின்சார ஏற்பாட்டில் அடங்கின. 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது. கையால் தண்டைச் சுழற்றி எஞ்சினை எழுப்பும் வேலை ஒழிந்ததைத்தான் வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. அன்று முதல் ஓர் எஞ்சினையே புரட்டக்கூடிய ஆற்றல் விளக்கின் பின்னால் வந்து அமர்ந்தது என்பதை நானும் என் மாணவருக்குச் சொல்லிய நினைவில்லை. பாடநூலிலும் அது இல்லை.

எளியவர் வண்டியான ஃபோர்டு ‘மாடல் டி’யின் கதை வேறு. 1908-இல் அது வந்தபோது முன்விளக்கு கார்பைடு, பின்விளக்கு மண்ணெண்ணெய். 1915-இல் முன்விளக்குகள் மின்சாரத்துக்கு மாறின. ஆனால் மின்கலம் இல்லை. எஞ்சினின் சுழல்சக்கரத்தில் காந்தங்களைப் பதித்து, அவை சுற்றும்போது பிறக்கும் மின்சாரத்தையே நேராக விளக்குக்குக் கொடுத்தனர். வண்டி விரைந்தால் விளக்குப் பளிச்சிடும், மெதுவானால் மங்கும். இருட்டில் மேடு பள்ளம் பார்த்து மெல்ல ஓட்ட வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு விளக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருந்தமையால் ஒன்று போனால் மற்றதும் அணையும். நம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஓட்டியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. நகைப்பிற்கிடமான விளக்குதான். எனினும் அதில் ஒரு நன்மை இருந்தது. கம்பி எங்கேனும் உரசி இரும்பில் பட்டால் விளக்கு அணையும்; ஊரை எரிக்கும் அளவுக்கு ஆற்றல் அதனிடம் இல்லை. மின்கலமும் தொடக்கு மோட்டாரும் 1919 முதல்தான் அந்த வண்டிக்குக் கிடைத்தன. 1925-இல் ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டி’யின் பின்புறம் ஆலையிலேயே ஒரு சரக்குத் தட்டைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அதற்குமுன் வாங்கியவரே தச்சரிடம் கொடுத்துத் தட்டுப் பூட்டிக்கொள்வது வழக்கம். இன்றைய பிக்கப் வண்டியின் குலமுதல்வன் என்று அதைக் கூறலாம்.

அதற்குப் பின் வந்த ‘மாடல் ஏ’ 1927-இன் இறுதியில் தொடங்கி 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. மின்கலம், டைனமோ, விளக்கு எல்லாம் உடைய வண்டி. ஆனால் ஆலையிலிருந்து வெளிவந்தபோது அதில் ஒரு ஃபியூஸ் கூடக் கிடையாது. அந்த வண்டிகளை இன்று பழம்பொருளாகப் பேணி ஓட்டுவோர் முதலில் செய்யும் காரியங்களுள் ஒன்று, தொடக்கு மோட்டாரின் விசையருகே ஒரு ஃபியூஸை வைப்பது. ஏறத்தாழ 90 ஆண்டு கழித்துப் பழுது பார்க்கப்படும் குறை!

ஃபியூஸைப் புதியது என்று எண்ண வேண்டாம். அது மோட்டார் வண்டிக்கே மூத்தது. 1827-இல் ஓம், மின்னோட்டத்துக்கும் தடைக்கும் உள்ள உறவைக் காட்டினார். 1841-இல் ஜூல், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று கண்டார். மின்னோட்டம் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்கு. 1847-இல் பாரிஸ் நகரத்து லூயி பிரெகே, மின்னல் தாக்கித் தந்திக் கருவிகள் பாழாவதைத் தடுக்க, நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை இடைநுழைக்கச் சொன்னார். தாக்குதல் வந்தால் அந்தத் துண்டு உருகித் தான் போய்க் கருவியைக் காக்கும். எடிசன் 1890-இல் இதற்கு உரிமம் பெற்றார். பிறகு அது வீடுதோறும் நுழைந்தது. நம் வீடுகளில் பீங்கான் கட்டையில் கம்பி சுற்றிய ஃபியூஸ் இருந்த காலத்தில், அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று சலித்துத் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் கெட்டிக்காரர் தெருவுக்கு ஒருவர் இருந்தார். காவலன் அடிக்கடி விழித்துக்கொள்கிறான் என்று அவனுக்கு அபின் கொடுப்பதற்கு ஒப்பான செயல் அது.

இடைக்காலத்தை விரைந்து கடந்துவிடுவோம். மின்கலத்தின் அறை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட். மூன்று அறை கொண்ட 6 வோல்ட் ஏற்பாடே நெடுங்காலம் வழங்கியது. எஞ்சின்கள் பெரிதானபோது அது போதவில்லை; 1950-களின் நடுவில் அமெரிக்க வண்டிகள் ஆறு அறை கொண்ட 12 வோல்ட்டுக்கு மாறின. பருத்தி நூல் பின்னிய ரப்பர்க் கம்பி போய் பி.வி.சி. உறையிட்ட கம்பி வந்தது. 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டரை வைத்தது. சிலிக்கான் டையோடு என்னும் ஒருவழிக் கதவு கிடைத்ததால் அது சாத்தியமாயிற்று.

டையோடு என்றதும் நம் நாடாவின் அரிசி மணிக்கு வந்துவிட்டோம். அதுவும் ஒரு டையோடுதான். அதன் வரலாறு வானொலியோடு பிணைந்தது. 1907-இல் மார்க்கோனியின் உதவியாளர் ஹென்றி ரவுண்டு, வானொலி அலையைப் பற்றும் கிரிஸ்டல்களை ஆராய்ந்தபோது, கார்பொரண்டம் துண்டு ஒன்றில் 10 வோல்ட் கொடுக்க, அது மஞ்சளாக ஒளிர்ந்தது. இதுவும் ஒரு கார்பைடே, ஆனால் சிலிக்கானுடையது. அவர் சில வரிகளில் அதை எழுதி வெளியிட்டுவிட்டு வேறு வேலைக்குச் சென்றார். 1920-களில் ரஷ்யாவில் ஒலெக் லோசெவ் என்னும் இளைஞர் அதே ஒளியைக் கண்டு, அது வெப்பத்தால் பிறப்பதன்று என்று காட்டினார். 1942-இல் லெனின்கிராடு முற்றுகையின்போது பட்டினியால் அவர் மாண்டார். 1962-இல் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி தரும் டையோடைச் செய்தார். நீலம் மட்டும் முப்பது ஆண்டு அகப்படவில்லை. நீலம் இன்றி வெண்மை இல்லை. ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோரின் உழைப்பால் 1990-களில் அது கைவந்தது. 2014-இல் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். நீல டையோடின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு இட்டால் வெண்ணொளி.

வெண்ணொளி மணி ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஆகவே 12 வோல்ட் நாடாவில் மும்மூன்றாக மணிகளைத் தொடுத்து, மீதி 3 வோல்ட்டை ஒரு சிறு தடையில் விழச் செய்கின்றனர். நாடாவைக் குறித்த கோடுகளில் மட்டுமே வெட்டலாம் என்பதன் காரணம் இதுதான்; வேறிடத்தில் வெட்டினால் ஒரு மும்மணி குலைந்துபோகும். இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் அழுத்தம் 12 வோல்ட்டில் நிற்பதில்லை. 14-க்கு மேலும் ஏறும். மணிகள் தம் பங்கைப் பெரிதும் மாற்றிக்கொள்ளா; ஏறியது அனைத்தும் அந்தச் சிறு தடையின் தலையில் விழும். 3 வோல்ட் தாங்கியது 5 வோல்ட் தாங்க வேண்டும். மின்னோட்டம் ஒன்றரை மடங்காகும், அதற்கு மேலும் போகும். நாடா சுட்டு, பசை இளகி, சில மாதங்களில் மணிகள் மங்குவது இதனால்தான். 12 வோல்ட்டுக்கு மேல் செல்லாமல் நிறுத்தும் சிறு கருவி கிடைக்கிறது; அதை இடையில் வைப்பது நன்று. பெரிய லாரிகள் பலவற்றில் ஏற்பாடே 24 வோல்ட். அவற்றில் 12 வோல்ட் நாடாவை நேராக இணைப்பவர் விளக்கைக் காணுமுன் புகையைக் காண்பார்.

இனிக் கம்பி. எஞ்சினருகே இருக்கும் மின்கலத்திலிருந்து பின்தட்டு வரை 6 மீட்டர் கம்பி என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் உள்ள செப்புக் கம்பி. அதன் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு. தட்டின் இருபுறமும் இரண்டிரண்டு மீட்டர், ஆக 4 மீட்டர் நாடா. மீட்டருக்கு 4.8 வாட் கொள்ளும் சாதாரண நாடாவானால் மொத்தம் 19 வாட்; மின்னோட்டம் 1.6 ஆம்பியர். கம்பியில் வீணாகும் வெப்பம் கால் வாட். தொட்டுப் பார்த்தால் சூடே தெரியாது. இதைக் கண்டுதான் மனிதன் ஏமாறுகிறான்.

அதே கம்பி வழியில் ஒரு தகட்டு விளிம்பில் உரசி, உறை தேய்ந்து, செம்பு இரும்பில் பட்டது என்று கொள்வோம். வண்டியின் உடல் முழுவதும் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்தது. 1838-இல் ஷ்டைன்ஹைல், நிலத்தையே தந்தியின் திரும்பு வழியாக்கிக் கம்பியை மிச்சப்படுத்தினார் அன்றோ? அதே சிக்கனத்தை வண்டியில் இரும்புச் சட்டம் செய்கிறது. ஆகவே எந்த இரும்பில் பட்டாலும் சுற்று முடிந்துவிடும். அந்த நொடியில் விளக்கு சுற்றில் இல்லை. கம்பி மட்டுமே இருக்கிறது. தட்டின் கோடிவரை சென்று பட்டாலும் மின்னோட்டம் 120 ஆம்பியரைத் தாண்டும். வெப்பம் 1,500 வாட்டுக்கு மேல். கால் வாட் இருந்த இடத்தில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் சூடு! இரண்டு மூன்று நொடிகளில் உறை உருகிச் சொட்டும். பாதி வழியில் பட்டால் தடையும் பாதி. விளைவு இன்னும் கொடிது. அந்தக் கம்பி எரிபொருள்க் குழாயை ஒட்டிச் சென்றிருந்தால் மேலும் சொல்ல வேண்டுவதில்லை. எஞ்சினைப் புரட்டவே பல நூறு ஆம்பியர் கொடுக்கும் மின்கலம் இதைக் கொடுக்கத் தயங்காது.

விளக்குக்குத்தான் ஃபியூஸ் என்று பலர் கருதுகின்றனர். நாடாவுக்கு அருகே, தட்டின் பின்னால் அதை வைக்கின்றனர். அது வீட்டுக் கொல்லையில் காவலாளை நிறுத்திவிட்டுத் தெருக்கதவைத் திறந்துவைப்பதாகும். ஃபியூஸ் காப்பது கம்பியை. மின்கலத்துக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள கம்பிக்குக் காவல் இல்லை. ஆகவே அந்த இடைவெளி ஒரு சாணுக்கு மிகாமல் இருக்க வேண்டும். நேர்முனையிலிருந்து கம்பி புறப்பட்டதும் ஃபியூஸ், அதன் பிறகே மற்றவை. மேலே கூறிய நாடாவுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். மீட்டருக்கு 14.4 வாட் கொள்ளும் பளிச்சென்ற வகையானால் 4 மீட்டருக்கு 5 ஆம்பியரை நெருங்கும்; ஏற்ற அழுத்தத்தில் இன்னும் கூடும்; அதற்கு 10 ஆம்பியர் ஃபியூஸும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியும் வேண்டும். எந்நிலையிலும் ஃபியூஸின் அளவு கம்பி தாங்கும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே விதி.

கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். அது மிக அற்ப விலைப் பொருள். ஆனால் வண்டி ஓயாமல் நடுங்குவது. நடுங்கும் தகட்டு விளிம்பு ஒரு மெதுவான அரம். கம்பிக்கு நெளிகுழாய் உறை அணிவித்து, வண்டியின் சட்டத்தோடு முழத்துக்கு ஒரு கட்டுப் போட்டு, புகைபோக்கிக் குழாய்க்கு எட்டத்தில் கொண்டுசெல்ல வேண்டும். மூட்டுகளில் கம்பியை வெறுமே முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவது மழைக்கும் குலுக்கலுக்கும் நில்லாது. செப்புக் குழலில் இரு முனையையும் நுழைத்து இடுக்கியால் நெரித்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயை இழுத்துவிடுவதே நிற்கும். கறுப்புக் கம்பியைச் சட்டத்தில் இணைக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெள்ளிரும்பு தெரியச் செய்து திருகவேண்டும். பிறகு துரு ஏறாமல் மேலே பூசிவிட வேண்டும். நாடாவின் வெட்டுமுனை திறந்து கிடந்தால் நீர் ஏறும். அதைச் சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். தட்டின் அடியில் ஒட்டுமுன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து உலரவிடாவிட்டால் எவ்வளவு நல்ல பசையும் ஒரு கோடையில் கழன்றுவிடும்.

பின்விளக்குக்குச் செல்லும் கம்பியையே கிள்ளி அதில் நாடாவைத் தொடுப்பது சுலபமான குறுக்குவழி. எனக்கு அது உடன்பாடன்று. அந்தக் கம்பி தன் விளக்குக்கு அளவெடுத்துப் போட்டது. நம் மூட்டு ஒருநாள் பழுதுபட்டால் அணைவது நாடா மட்டும் அன்று; பின்னால் வருபவருக்கு நம் வண்டியைக் காட்டும் சிவப்பு விளக்கும் அணையும். இன்னொன்று: அவ்வழியில் இணைத்தால் வண்டி ஓடும்போதும் தட்டு வெண்ணொளி வீசிக்கொண்டே செல்லும், பின்னால் வருபவர் கண் கூசும். அமெரிக்க வண்டிகளிலேயே ஆலையார் இதை எப்படிச் செய்திருக்கின்றனர் என்று நோக்குதல் தகும். 1994-ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அந்நாட்டுப் பிக்கப் வண்டிகளில் உயரத்தில் மூன்றாவது தடுப்பு விளக்கு கட்டாயமாயிற்று. பல வண்டிகளில் அந்த விளக்குக் கூட்டிலேயே தட்டைப் பார்த்து ஒரு வெள்ளை விளக்கையும் வைத்தனர். ஆனால் இரண்டுக்கும் சுற்று தனி, ஃபியூஸ் தனி, வெள்ளை விளக்குக்கு ஓட்டுநர் அருகே விசை தனி. நாமும் தனி விசை வைத்து, வண்டி நின்ற பிறகே ஏற்றலாம். இறங்கிச் செல்பவர் அணைக்க மறந்தால் 19 வாட் விளக்கு ஒரே இரவில் மின்கலத்தைப் பெரும்பாலும் உறிஞ்சாது. பழைய மின்கலமாயின் காலையில் எஞ்சின் எழுவது சந்தேகமே. விசையிலேயே ஒரு சிறு சிவப்புப் புள்ளி எரியும் வகை கிடைக்கிறது. அதை வாங்குவது நலம்.

ஃபியூஸ்களின் இன்றைய வடிவம் 1976-இல் வந்தது. அதுவரை சிறு கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி இருந்தது. குழாய் உடையும், முனை தளரும். லிட்டல்ஃபியூஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், இரு தட்டையான உலோகக் கால்களும் ஒளிபுகும் வண்ணப் பிளாஸ்டிக் உடலும் உடையதாக அதை மாற்றியது. எழுத்தறியாதவரும் அளவறியும்படி நிறம் வகுத்தனர். 3 ஆம்பியருக்கு ஊதா, 5-க்கு வெளிர்ப்பழுப்பு, 7.5-க்குப் பழுப்பு, 10-க்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 30-க்குப் பச்சை. உடல் வழியே பார்த்தால் உள்ளிருக்கும் வளைந்த இழை முழுதாக இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்பது தெரியும். அறுந்திருந்தால் மாற்றுமுன் அது ஏன் அறுந்தது என்று கம்பி நெடுகிலும் தேடிப் பார்க்க வேண்டும். வெளிர்ப்பழுப்பு அகப்படவில்லை என்று கைக்குக் கிடைத்த பச்சையைச் செருகுபவர்கள் உண்டு. அதே நிறத்தில் உபரியாக இரண்டை வண்டியின் அறைப்பெட்டியில் போட்டுவைத்தால் அந்தத் தேவை எழாது.